போலி வேஸ்ட்கேட்டுக்கு ₹46,500 போனது: டர்போ காரில் கை வைப்பவர்கள் கவனத்துக்கு

டர்போ காருக்கு வெளி வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் மிச்ச எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் வால்வு) போட நினைப்பவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மொத்தம் ₹46,500. வால்வு ₹29,000, பைப், ஃபிளாஞ்ச், வெல்டிங், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ₹17,500. வால்வு போலி. மாட்டிய விதம் அதைவிட மோசம். விற்றவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் விவரம் எதையும் விடாமல் எழுதுகிறேன். வாங்குகிறவர்களுக்கு இந்த விவரமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியத்தில்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

கார், பழைய ஆக்டேவியா 1.8 டர்போ. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடுவது, போவதும் வருவதும் டிரெய்லரில். கம்பெனியில் இருந்து வந்த கே03 டர்போவில் எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிடும் மடல், டர்பைன் (எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரம்) ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும். அதை எடுத்துவிட்டு டி3 ஃபிளாஞ்ச் (டர்போவை மாட்டும் பட்டையின் ஒரு வகை அளவு) உள்ள பெரிய டர்போ போட்டாயிற்று. இந்த ஹவுசிங்கில் அந்த மடல் கிடையாது. அப்படியே விட்டால் பூஸ்டுக்கு, அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்துக்கு, எல்லையே இல்லை: டர்பைன் வேகமாகச் சுற்றச் சுற்ற கம்ப்ரஸர் அதிகக் காற்றைத் தள்ளும், அதிகக் காற்று அதிக எக்ஸாஸ்ட்டாகி மறுபடியும் டர்பைனுக்கே வரும். அந்தச் சுழற்சியை உடைப்பதற்குத்தான் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குக் கொண்டுவரும் குழாய்த் தொகுதி) தனியாக ஒரு வழி வெட்டி வேஸ்ட்கேட் வைப்பது. உள்ளே ஒரு ஸ்பிரிங் வால்வை மூடிப் பிடித்திருக்கும். கம்ப்ரஸரில் இருந்து வரும் காற்று டயாஃப்ரத்துக்கு (ரப்பர் சவ்வு) கீழே அழுத்தி ஸ்பிரிங்கை வென்றதும் வால்வு திறந்து, மிச்ச எக்ஸாஸ்ட் டர்பைனைத் தொடாமல் வெளியேறும். எங்களுக்கு வேண்டியது 0.7 பார். அதை 0.7 பார் ஸ்பிரிங் ஒன்றே பார்த்துக்கொள்ளும், எலெக்ட்ரானிக்ஸே தேவையில்லை.

விற்றது, சோஷியல் மீடியாவில் ரீல்ஸ் போட்டு ஆள் சேர்க்கும் ஒரு பெர்ஃபாமன்ஸ் பார்ட்ஸ் கடை. கூடவே ஒரு கராஜும் வைத்திருக்கிறார்கள். 38 மில்லிமீட்டர் கேட் போதுமே என்று கேட்டதற்கு, "அண்ணா, 44 போட்டுருங்க. கம்மி பூஸ்ட்டுக்குப் பெரிய கேட் தான் சேஃப்" என்றார் கடைப் பையன். சொன்னது சரியான விஷயம். பூஸ்ட் குறைவாக வேண்டும் என்றால் அதிக எக்ஸாஸ்ட்டைத் திருப்பிவிட வேண்டும், அதற்குக் கேட் பெரிதாக இருக்க வேண்டும். கேட் சிறிதாகிவிட்டால் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட்டும் ஸ்பிரிங் அளவைத் தாண்டி மெல்ல ஏறிக்கொண்டே போகும். இது தெரிந்து பேசுகிற ஆள் ஏமாற்ற மாட்டான் என்று யாருக்கும் தோன்றும்.

அடுத்து செய்ததுதான் பெரிய வேலை. சீல் பிரிக்காத பெட்டியில் இருந்து வால்வை எடுத்து, கடையில் இருந்த கம்ப்ரஸர் கன்னை வால்வின் பக்கவாட்டு போர்ட்டில் (காற்று நுழையும் துளை) வைத்து ட்ரிக்கரை அமுக்கினார். டக்கென்று வால்வு திறந்தது. விட்டதும் மூடியது. "பாத்தீங்களாண்ணா, நச்சுனு ஓபன் ஆகுது." பார்த்த எல்லோருக்கும் திருப்தி. ஆனால் ஒர்க்‌ஷாப் கம்ப்ரஸர் லைனில் 6 பாரில் இருந்து 8 பார் வரை காற்று இருக்கும். அந்த அழுத்தத்துக்கு எந்த ஸ்பிரிங்கும் திறக்கும். 0.7-ல் திறக்கிறதா என்று காட்டவே இல்லை. அதைவிடக் கொடுமை, 1, 2 பாருக்கு வேலை செய்யும் டயாஃப்ரத்தில் ரெகுலேட்டர் இல்லாமல் 8 பாரை அடித்தால் ரப்பர் கிழியும். நம்பிக்கை வரட்டும் என்று காட்டிய அதே டெமோவில் பொருளைப் பாழாக்கவும் வாய்ப்பிருக்கிறது. மூடியின் போல்ட் மேல் "பிரித்தால் வாரண்டி இல்லை" ஸ்டிக்கர் வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை.

மாட்டி முடித்து டிராக்கில் இறக்கியதும் மூன்றாவது கியரில் முழு த்ராட்டில். கேஜ் முள் 0.7-ல் நிற்கவே இல்லை. 1.0, 1.2 என்று ஒரே மூச்சில் ஏறியது. 1.4-ஐத் தாண்டும்போது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) த்ராட்டிலை மூடிவிட்டது. இந்த இன்ஜினின் ஒரிஜினல் மேப் சென்சர் (காற்றழுத்தத்தை அளப்பது) அளக்கும் உச்சமே 2.5 பார் அப்சலூட், வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்தால் சுமார் 1.5 பார் பூஸ்ட். அதற்கு மேல் போனால் எவ்வளவு போகிறது என்று ஈசியூவுக்கே தெரியாது. பெட்ரோல் கலவை மெலிந்து, நாக் அடித்து (கலவை தாறுமாறாக வெடித்து), பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் ரிங் லேண்ட் உடைவது அந்த இடத்தில்தான். கம்ப்ரஷன் டெஸ்ட்டில் நான்கு சிலிண்டரும் சரியாக இருக்கின்றன. இன்ஜின் தப்பியதற்கு அந்தக் கடைக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை.

போன் போட்டால் முதல் பதில்: "ட்யூனிங்ல தான் பிரச்சனை சார், மேப் பண்ணவர்கிட்ட கேளுங்க." அண்ணா அன்றைக்கே சார் ஆகிவிட்டார். இந்தக் காரில் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் என்75 சோலினாய்டே கனெக்ட் செய்யவில்லை. பூஸ்ட் முழுக்க ஸ்பிரிங்கின் பொறுப்பு. ஈசியூவின் மேப்பை (ட்யூனிங் கணக்கை) மாற்றி வேஸ்ட்கேட்டைத் திறக்க முடியாது. இதை விளக்கிச் சொன்னதும் "ஓனர் வெளியூர்ல இருக்கார்". பிறகு "வெல்டர் லீவு". பிறகு "டிராக்ல ஓட்டுனா வாரண்டி வராது சார்". டிராக்குக்கு மட்டும் என்று சொல்லித்தான் வாங்கியது, அவர்கள் அனுப்பிய கொட்டேஷனிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்பியதும் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

இனி ஸ்டிக்கருக்கு மரியாதை எதற்கு என்று பிரித்தாயிற்று. வேறு யாராவது பிரிப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கும். எல்லா போல்ட்டையும் ஒரேயடியாகக் கழற்றினால் மூடி முகத்துக்கு வரும். எதிரெதிரே இரண்டு போல்ட்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் நீளமான போல்ட் போட்டு, மற்றதைக் கழற்றியபின் அந்த இரண்டையும் சம அளவில் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள்.

உள்ளே பார்த்தது இது. பாடியில் லேசரில் 44 என்று அழகாகக் குறித்திருக்கிறது. வெர்னியர் அளவுகோல் வைத்தால் வால்வு முகம் 38 மில்லிகூடத் தேறவில்லை. 44 என்று ₹29,000-க்கு விற்றது 38-ஐ விடச் சிறியது. வால்வை மூடிய நிலையில் அடியில் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் சீட்டை (வால்வு உட்காரும் வளையம்) சுற்றிக் கால் பங்கு வட்டத்துக்கு வெளிச்சம் கசிகிறது. சீட்டும் வால்வும் ஒன்றோடொன்று உட்காரவே இல்லை. தண்டு கைடில் விரலால் ஆட்டினாலே ஆடுகிறது. டயாஃப்ரம் வெறும் ரப்பர். நல்ல வேஸ்ட்கேட்டில் ரப்பருக்குள் துணி வலை இருக்கும், வெட்டு விளிம்பில் அந்த இழை கண்ணுக்கே தெரியும். இதில் இழையும் இல்லை, கவ்வும் விளிம்பை ஒட்டி ஒரு நகம் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது.

மூடியைத் திரும்ப மாட்டி ரெகுலேட்டர், கேஜோடு சோதித்தபோது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. பக்கவாட்டு போர்ட்டில் 0.1 பார் படியாக ஏற்றினால் 0.7 ஸ்பிரிங் உள்ள கேட் 0.7-ஐ ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். காரில் எக்ஸாஸ்ட் அழுத்தமும் வால்வு முகத்தைத் தள்ளுவதால் இன்னும் சற்று முன்னாலேயே திறக்கும். இதில் 0.7-ல் அசைவில்லை. 1.0-லும் இல்லை. காற்று மட்டும் மேல் போர்ட் (டயாஃப்ரத்துக்கு மேலே உள்ள அறையின் துளை) வழியாக உஸ்ஸென்று வந்துகொண்டே இருந்தது. கீழே கொடுத்த காற்று டயாஃப்ரம் கிழிசல் வழியாக மேலே போகிறது.

அப்படியானால் அது வெளியேயாவது போயிருக்க வேண்டுமே? போகாது, ஏனென்றால் மாட்டியவர்கள் மேல் போர்ட்டில் பிளக் போட்டு இறுக்கி அடைத்திருந்தார்கள். பூஸ்ட் கன்ட்ரோலர் இல்லாமல் ஒற்றை ஹோஸில் ஓட்டும்போது மேல் போர்ட் திறந்தே இருக்க வேண்டும், தூசி போகாமல் ஒரு சின்ன ஃபில்டர் வைக்கலாம், அவ்வளவுதான். அடைத்தால் மேல் அறையில் சிக்கிய காற்று வால்வு திறப்பதைத் தடுக்கும். டயாஃப்ரமும் கிழிந்திருந்தால் கீழும் மேலும் ஒரே அழுத்தம் ஆகி, ஸ்பிரிங் மட்டும் ஜெயிக்கும். கேட் திறக்கவே திறக்காது. 1.4 பார் வந்தது இப்படித்தான். ட்யூனிங்காம்!

ஹோஸ் விஷயத்தில் இன்னும் அநியாயம். காற்றுச் சிக்னலுக்குப் போட்டிருந்தது ஏர் டூல்களுக்குப் போடும் நீல பாலியூரிதேன் ட்யூப், பிளாஸ்டிக் புஷ் ஃபிட்டிங். சிவந்து கனலும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளா அது? நூறு டிகிரியைக்கூடத் தாங்காது. உருகி விழுந்தால் சிக்னல் போய்விடும், சிக்னல் போனால் நல்ல கேட்கூடத் திறக்காது. வால்வுப் பக்கம் உலோக ஃபிட்டிங்கும் செப்பு அல்லது ஸ்டீல் குழாயும், அங்கிருந்து தள்ளி வந்தபின் சிலிக்கான் ஹோஸும் போட வேண்டும். சிக்னலை எடுக்கும் இடம் கம்ப்ரஸர் ஹவுசிங். இவர்கள் த்ராட்டிலுக்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டில் எடுத்திருந்தார்கள். அங்கே ஐடிலில் வேக்வம் இழுக்கும், டயாஃப்ரம் தேவையில்லாமல் கீழ்நோக்கி இழுபடும்.

வெல்டிங்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நான்கு சிலிண்டர் குழாய்களும் சேரும் கலெக்டரில், எக்ஸாஸ்ட் தானாகத் திரும்பிப் போகும்படி சாய்வான கோணத்தில் வேஸ்ட்கேட் வழியை எடுக்க வேண்டும். இவர்கள் நான்காவது சிலிண்டரின் குழாயில் மட்டும், அதுவும் நேர் 90 டிகிரியில் துளைத்து ஒட்டியிருந்தார்கள். நல்ல வால்வே வைத்தாலும் ஒரு சிலிண்டரின் புகைதான் சுலபமாகத் திரும்பும், மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். பைப்புக்கு ஷெட்யூல் 10, அதாவது ஒன்றரை இஞ்சில் 2.77 மில்லி சுவர் என்று கொட்டேஷனில் இருந்தது. போட்டது 1.2 மில்லி சைலன்சர் பைப். வால்வில் இருந்து டவுன்பைப்புக்கு (டர்போவைத் தாண்டிய எக்ஸாஸ்ட் குழாய்) திரும்பும் குழாயில் பெல்லோஸ், அதாவது நீளவும் சுருங்கவும் விடும் மடிப்புக் குழாய், இல்லை. இரு முனையும் இறுகப் பிடித்த குழாய் சூட்டில் நீள இடமில்லாமல் வெல்டை ஒட்டி விரிசல் விட்டது. அந்த விரிசல் லாம்டா சென்சருக்கு (எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜனை அளப்பது) முன்னால் என்பதால் வெளிக்காற்று கலந்து, பெட்ரோல் குறைவு என்று சென்சர் தப்பாகச் சொல்ல, ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் படமும் வீடியோவுமாக அனுப்பியதற்கு வந்த பதில் ஒரே வரி: "நீங்க பிரிச்சதால ஆன டேமேஜ் சார்." வால்வு முகம் 44-ல் இருந்து சுருங்கியதும் பிரித்ததாலா? ரொம்ப அழுத்திக் கேட்டபின் "₹5,000-க்கு வேற பார்ட்ஸ் எடுத்துக்கோங்க" என்றார்கள். ₹46,500 வாங்கியவர்கள் ₹5,000-க்கு அவர்கள் கடையிலேயே இன்னொரு பொருள் வாங்கச் சொல்கிறார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டால் அதுவும் இல்லை, கொட்டேஷன் மட்டும்தான். யுபிஐயில் பணம் போனது கடைப் பெயருக்கு அல்ல, ஒரு தனிநபர் கணக்குக்கு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகிவிட்டது. அதில் சரிவராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, அதனால் "கேஸ் போட்டா உங்களுக்குத்தான் செலவு" என்று மிரட்டினால் நம்பாதீர்கள். உங்களுக்கும் நடந்திருந்தால் சாட், கொட்டேஷன், யுபிஐ ரசீது எதையும் அழிக்க வேண்டாம்.

வேஸ்ட்கேட் வாங்குவது எப்படி என்று முழுதாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். ரெகுலேட்டரும் கேஜும் வைத்து, ஸ்பிரிங் அளவில் திறந்து காட்டச் சொல்லுங்கள், வெறும் ஏர் கன் டெமோவுக்கு மயங்க வேண்டாம், உங்கள் வால்வில் ஏர் கன்னை வைக்கவே விடாதீர்கள். திறக்கும் அழுத்தத்தில் ரெகுலேட்டரை அடைத்துப் பிடித்தால் கேஜ் முள் சட்டென்று இறங்கக் கூடாது. வால்வு முகத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். மாட்டியபின் முதல் ஓட்டத்தில் முழு த்ராட்டில் வேண்டாம், பாதி த்ராட்டிலில் மேல் கியரில் மெதுவாக ஏற்றி, முள் ஸ்பிரிங் அளவைத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். ரோட்டில் ஓடும் காருக்கு இதைச் செய்து, வேஸ்ட்கேட் வாயை நேராக வெளியே திறந்துவிட்டால் சைலன்சரைத் தாண்டிப் புகை போகிறது என்று மத்திய மோட்டார் வாகன விதி 120-ல் மாட்டுவீர்கள், அதையும் இந்தக் கடைகள் சொல்வதில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண், வால்வு அளவு, ஸ்பிரிங் அளவு மூன்றும் எழுதி வாங்காமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். தனிநபர் பெயரில் உள்ள யுபிஐக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.