தக்கலையில் ஓர் ஆங்கில வகுப்பு

மகளைத் தக்கலை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்த்திருக்கிறேன். ஒழுங்கில்லாமல் மாறும் வினைச்சொற்களை அகரவரிசையில் மனப்பாடம் செய்ய வைப்பதில்லை, ஒலியைப் பார்த்துப் பிரித்துத் தருகிறார்கள். டிரிங்க், டிராங்க், டிரங்க். ஸ்விம், ஸ்வாம், ஸ்வம் ஒரு கூட்டம். கட், புட், ஹிட் மாறவே மாறாது. அப்புறம் வாக்கியம்: ‘ஐ சா திற்பரப்பு ஃபால்ஸ் எஸ்டர்டே’, ‘ஐ ஹேவ் சீன் திற்பரப்பு ஃபால்ஸ்’. நேற்று என்று சொன்னால் சா, ஹேவ் வந்தால் சீன். ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பிச் சொல்ல வைக்கிறார் டீச்சர், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். ஆனால் படுப்பதைச் சொல்லும் ‘லை’யின் இறந்தகாலமும் ‘லே’, கீழே வைப்பதைச் சொல்லும் வேறொரு வினைச்சொல்லும் ‘லே’ என்பதால் வரும் குழப்பத்தை அவசரமாகத் தாண்டிவிட்டார்கள். அதற்குத் தனியாக ஒரு வகுப்பு எடுக்கத்தான் வேண்டும். பெஞ்சில் நெருக்கடி உண்டு. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைத் தாராளமாகச் சேர்க்கலாம்.