புது ஸ்ட்ராம்பெர்க் 97 ஜோடி: ஃப்ளாட்ஹெட்டில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

1929 மாடல் ஏ ரோட்ஸ்டர் பாடி, 1932 ஃபோர்டு சேஸிஸ், 1948 வருடத்து 59ஏபி ஃப்ளாட்ஹெட் எஞ்சின் (வால்வுகள் தலையில் இல்லாமல் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் பழைய ஃபோர்டு வி8). கலிஃபோர்னியாவில் என் வீட்டு கராஜில் மூன்றரை வருட சனி, ஞாயிறுகளைக் கொடுத்துக் கட்டிய ஹாட் ராட், அதாவது பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய வண்டி, இதுதான். இந்த வண்டிக்கு நான் வாங்கியதிலேயே காசு போனதே என்று ஒரு நாள்கூட வருத்தப்படாத பொருள் எது என்றால், இங்கிலாந்தில் இப்போது புதிதாகச் செய்து விற்கிற ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர்தான். இரண்டு போட்டிருக்கிறேன்.

ஏன் 97? இது 1930களின் நடுவில் ஃபோர்டு வி8 எஞ்சினோடு வந்த கார்புரேட்டர். உள்ளே காற்று போகிற வென்சுரியின் அகலம் 0.97 அங்குலம், பெயரும் அதிலிருந்தே வந்தது. ஃபோர்டு வண்டிகள் லட்சக்கணக்கில் விற்றதால் காயலான் கடைகளில் இது மலிவாகக் கிடைத்தது. அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவின் முராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகளில் மட்கார்டையும் முகப்பு விளக்கையும் கழற்றி வைத்துவிட்டு வேகம் பார்த்த பையன்கள் இதை இரண்டாக, மூன்றாக அடுக்கியதற்கு மலிவு ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் முக்கியம். இதற்குப் பிறகு ஃபோர்டு மாறிப்போன 94 என்ற கார்புரேட்டரில், முழு வேகத்தில் கூடுதல் பெட்ரோல் விடுகிற பவர் வால்வு எஞ்சினின் வேக்குவத்தை (காற்றை உறிஞ்சும் இழுப்பை) நம்பித் திறக்கிறது. ஒன்றுக்கு மேல் அடுக்கினால், எஞ்சினில் கொஞ்சம் முரட்டு கேம் ஷாஃப்டும் போட்டால், வேக்குவம் ஒழுங்காக இருக்காது, வால்வு குழம்பும். 97இல் அந்த வேலையை ஆக்சிலரேட்டர் பம்ப்பின் கம்பியே செய்துவிடுகிறது. மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும், அவ்வளவுதான். எத்தனை அடுக்கினாலும் அதற்குக் கவலை இல்லை.

சரி, பழையது கிடைக்கும்போது எதற்குப் புதிது வாங்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பொமோனாவில் நடக்கிற பழைய கார் பாகச் சந்தைக்கு விடியற்காலையில் டார்ச்சோடு போய், ஒரு ஜோடி பழைய 97 வாங்கி வந்தேன். விற்றவர் இரண்டும் முழுசாகச் சர்வீஸ் செய்தது என்றார், பார்க்கவும் பளபளவென்று இருந்தன. வீட்டில் பிரித்தால் ஒன்றில் மூடி ஸ்க்ரூ போகிற காது உடைந்து எதையோ வைத்து ஒட்டியிருந்தது. இன்னொன்றில் த்ராட்டில் ஷாஃப்ட் அடிப்பாகத்துக்குள் லொடலொடவென்று ஆடியது. ஷாஃப்ட் தேய்ந்தால் அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போகும், ஐட்லிங் எப்போதும் நிற்காது, எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் பலன் இருக்காது. நான் ஐந்து வாரம் திருகினேன். புல்லட் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிப் பழகிய கைதான் எனக்கு, ஆனாலும் பிடிபடவில்லை.

அடுத்த சந்தையில், ஃப்ளாட்ஹெட் பாகங்கள் மட்டுமே விரித்து வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இந்த இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஷாஃப்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை நல்லபடியாகச் சரிசெய்ய ஆகிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார். தன் கடையில் பழைய 97 ஒரு டஜன் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னார். அன்றைக்கு அவர் நின்ற நிலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றரை மணி நேரப் பாடம். கீழே நான் எழுதுகிறதில் பாதி அவருடையது.

புதிய 97க்கு வருகிறேன். ஒன்றுக்கே நானூறு டாலருக்கு மேல் ஆகிறது, இரண்டு வாங்கினால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வார்ப்பு சுத்தம், ஷாஃப்டில் துளி ஆட்டம் இல்லை, ஸ்க்ரூக்களின் மரை பழசைப் போலவே இருப்பதால் பழைய பாகங்களும் இதில் பொருந்துகின்றன. மூன்று போல்ட் அடித்தளம், அதனால் என் ஆஃபன்ஹவுசர் இரட்டை மேனிஃபோல்டில் (கார்புரேட்டர்களை எஞ்சினோடு இணைக்கிற குழாய் வார்ப்பு) ஒரு கேஸ்கெட் வைத்து நேராக உட்கார்ந்துவிட்டது, அரம் எடுக்கும் வேலையே வரவில்லை. பானெட் இல்லாத வண்டி என்பதால் எஞ்சின் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அங்கே 1936இல் வந்ததுபோன்ற ஒரு பொருள் நிற்பது எனக்கு முக்கியம்.

இப்போது கவனமாகப் படிக்க வேண்டிய இடம்: பெட்ரோல் அழுத்தம். 97க்கு 2.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) போதும். இன்றைய எலெக்ட்ரிக் பம்ப்புகள் பல அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளும். அந்த அழுத்தத்தில் ஊசி வால்வு தாங்காது, ஓவர்ஃப்ளோ ஆகும். நான் முதலில் ஒரு மலிவு ரெகுலேட்டரைப் போட்டு, அதன் மேலிருந்த எண்ணை 2இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது, இறங்கிப் பார்த்தால் முன் கார்புரேட்டரிலிருந்து மேனிஃபோல்ட் மேல் சொட்டுச் சொட்டாக வழிகிறது, கீழே சூடான எஞ்சின். கை நடுங்கிவிட்டது. பிறகு மீட்டர் வைத்து அளந்தால் 4 பி.எஸ்.ஐ. காட்டியது. தவறு கார்புரேட்டருடையது இல்லை. ரெகுலேட்டரின் எண்ணை நம்பாதீர்கள், மீட்டர் ஒன்றை லைனிலேயே நிரந்தரமாக மாட்டுங்கள், தீயணைப்பான் ஒன்றைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவை) மட்டத்தையும் நீங்களே பாருங்கள், புதுசுதானே என்று விடாதீர்கள். மூடியைக் கழற்றி, கிண்ணத்தின் விளிம்பிலிருந்து பெட்ரோல் 15/32 அங்குலம் கீழே நிற்கிறதா என்று அளக்க வேண்டும். எனக்கு ஒன்று சரியாக இருந்தது, இன்னொன்றைத் தகடு வளைத்து ஒரு நூல் இறக்கினேன்.

ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடுகிற துளை, விஷயம். வரும்போது மெயின் ஜெட் 45, பவர் வால்வு 65. ஒரே கார்புரேட்டராகப் போட்டால் சரி. 239 கன அங்குல எஞ்சினில் இரண்டு போட்டு இரண்டையும் சேர்த்தே திறந்தால் எனக்குப் பெட்ரோல் அதிகமாகிவிட்டது, ப்ளக்குகள் கரி பிடித்து வந்தன. மெயினை 43 ஆக்கி, பவர் வால்வை 69 ஆக்கினேன். இங்கே ஒரு குழப்பம் வரும்: பவர் வால்வில் இருப்பது துளைபோடும் ட்ரில்லின் எண், அதனால் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். மெயின் ஜெட் நேர்மாறு. இதை யாரும் சொல்லாததால் நான் முதல் தடவை எதிர்ப்பக்கம் போனேன். உங்கள் எஞ்சினுக்கு எண் மாறும், ப்ளக்கைக் கழற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக இழுக்கவைப்பதற்கு அந்தப் பெரியவர் சொன்னது இதுதான்: ஒரு முழ ரப்பர் குழாயை எடு, ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் அந்த உஸ்ஸென்ற சத்தம் ஒரே சுருதியில் கேட்கிறவரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகு. மிக்சர் ஸ்க்ரூ நான்கையும் ஒன்றரைச் சுற்றில் வைத்து ஆரம்பி. நான் காற்று அளக்கும் மீட்டரும் வாங்கினேன், அது காட்டியதும் காதில் கேட்டதும் ஒன்றாகவே இருந்தது. இப்போது குழாய் மட்டும்தான்.

ஓட்டம் எப்படி? காலை வைத்தால் உடனே பதில் வருகிறது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தாலும் இருமல் இல்லாமல் இழுக்கிறது, அப்போது இரண்டு வாயிலிருந்தும் வருகிற அந்த உறுமலைக் கேட்பதற்காகவே நான் தேவையில்லாமல் மிதிப்பதுண்டு. ஒற்றை 94 இருந்த காலத்தில் மேட்டில் திணறிய அதே வண்டிதான். வறண்ட ஏரியில் ஓடுகிறவர்களைப் பார்க்க எல் மிராஜ் வரை ஓட்டிக்கொண்டு போனேன், அந்த உயரத்தில் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகப் பட்டதே தவிர வேறு தொல்லை இல்லை.

குறை இல்லாமல் இல்லை. வெயில் நாளில் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் அடம் பிடிக்கும். ஃப்ளாட்ஹெட்டில் புகை போகும் பாதை பிளாக்குக்குள்ளேயே ஓடுகிறது, சூடு முழுக்க மேலே ஏறுகிறது, இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் கிண்ணத்திலேயே கொதித்துவிடுகிறது. மேனிஃபோல்டின் சூட்டுத் துளைகளை அடைத்து, கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஸ்பேசர் வைத்தபின் முக்கால்வாசி தீர்ந்தது. மீதிக்கு, மிதியை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்கிறேன். இரண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்தால் கிண்ணம் காய்ந்துபோகும், பம்ப்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். மைலேஜைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்காக யாரும் இதை வாங்குவதில்லை.

மாதம் ஒருமுறை கண்காட்சிக்குக் கொண்டுபோய் நிறுத்துகிற வண்டி என்றால் ஒன்று போதும், மீதிக் காசை பிரேக்கில் போடுங்கள், 1939க்கு முந்தைய கம்பி பிரேக்கை வைத்துக்கொண்டு வேகம் கூட்டாதீர்கள். ஓட்டுவதற்காகக் கட்டுகிறீர்கள், எஞ்சினும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால் புது ஜோடியை வாங்குங்கள்.

அந்தப் பழைய ஜோடியைப் பெரியவரிடமே கொடுத்துவிட்டேன், பணம் வாங்கவில்லை. உடையாத மூடியையும் ஆடாத அடிப்பாகத்தையும் சேர்த்து ஒன்றாக்கி, முதல் எஞ்சின் கட்டுகிற ஒரு காலேஜ் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். போன சந்தையில் அந்தப் பையன் என்னிடம் வந்து பவர் வால்வு எண்ணைப் பற்றித்தான் கேட்டான்.