இன்டர்னாக வேண்டாம், ஆய்வு உதவியாளராகக் கேளுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் வேலை செய்யும் ஒரு சமூக அமைப்பில் கோடை விடுமுறையில் முதலில் இன்டர்னாகவும், அப்புறம் ஆய்வு உதவியாளராகவும் இருந்தேன். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் அமைப்பின் பெயர் வேண்டாம். அலுவலகம் ஒன்று, மேஜை ஒன்று, ஒருங்கிணைப்பாளர் அக்காவும் ஒருவர்தான். ஆனால் இன்டர்னும் ஆய்வு உதவியாளரும் அங்கே பார்ப்பது இரண்டு வேறு வேலைகள்.

இன்டர்ன் வேலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். பழைய கூட்டங்களின் வருகைப் பதிவேட்டை எக்செலில் ஏற்றுவது, மகளிர் குழு நிகழ்ச்சிகளில் பேனர் தெரியும்படி போட்டோ எடுப்பது, முகநூலில் போடுவது. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. பணம் கிடையாது, கடைசியில் சான்றிதழ் உண்டு. கல்லூரிக்குக் கணக்குக் காட்ட அது போதும். அதற்காக வீட்டிலிருந்து குலசேகரம், தக்கலை, குளச்சல் என்று பஸ் மாறி மாறி வரவேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்.

ஜூன் மாதம் மீன் விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். கேட்டு வாங்கிச் சேர்ந்தேன். இதற்கு மாதச் சம்பளம் உண்டு. பெரிய தொகை இல்லை, தாமதமாகவும் வந்தது. ஆனாலும் ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று பேசாமல் மாதக் கணக்கில் கொடுத்தது நல்ல விஷயம். படிவக் கணக்கில் பணம் என்றால் யார் நின்று நிதானமாகப் பேசுவார்கள்? எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

பயிற்சி நன்றாக இருந்தது. போனில் கோபோ கலெக்ட் செயலியைப் போட்டுக்கொடுத்தார்கள். நெட் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்துவிட்டு, அப்புறம் அனுப்பலாம். யாரைச் சந்திப்பது என்பதை ஒவ்வொரு பங்கிலும் (தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பிரிவு), அன்பியங்கள் என்ற பக்கத்து வீட்டுக் குடும்பக் குழுக்களின் வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார்கள். தெரிந்தவர் வீடாகப் பார்த்து ஏறி இறங்கும் ஆய்வுகளைக் கல்லூரியில் பார்த்துச் சலித்த எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிந்தது. பட்டியலில் இல்லாத வாடகை வீட்டுக்காரர்கள் விடுபடுவார்களே என்று கேட்டதற்கு, அது உண்மைதான் என்று அக்கா அறிக்கைக்கான குறிப்பில் எழுதிக்கொண்டார்.

கேள்வித்தாளில்தான் சிக்கல். 'கடந்த வாரம் எவ்வளவு லாபம்?' என்று ஒரு கேள்வி. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் வரும் கொஞ்ச மீனை ஏலத்தில் விலை ஏற்றி எடுப்பவர்களும் உண்டு, ஜூன் பாதிக்கு மேல் சின்னமுட்டம் போய் மீன் எடுப்பவர்களும் உண்டு, சும்மா வீட்டில் இருப்பவர்களும் உண்டு. இவர்களிடம் கடந்த வாரக் கணக்கைக் கேட்டு வருடக் கணக்காகப் பெருக்கினால் என்ன வரும்? வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சென்னையில் கேள்வித்தாள் தயாரித்த ஆலோசகருக்குப் போன் போட்டார்கள். தடைக்காலத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் தனித்தனிக் கேள்வி வந்தது. அதற்கு முன் நிரப்பிய படிவங்களைத் தனியாக ஒதுக்கி வைத்தார்கள். மாணவர் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் இடத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடன் பற்றிய கேள்வியும் அப்படித்தான். 'மாத வட்டி எத்தனை சதவீதம்?' என்றால் யாருக்கும் பதில் தெரியாது. 1000 ரூபாய் கடன் என்று பெயர், கையில் வருவது 900, தினம் 100 வீதம் பத்து நாளில் அடைக்க வேண்டும் என்று அவர்கள் விவரமாகச் சொல்வார்கள். சதவீதக் கணக்கைப் போட வேண்டியது நாம்தான். கையில் வந்தது எவ்வளவு, தினம் கட்டுவது எவ்வளவு, எத்தனை நாள் என்று பிரித்துக் கேட்டபோது வரிசையாகப் பதில் வந்தது.

பஸ் பற்றியும் கேட்டோம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் ஓர் அம்மாவை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதும், வீடியோ பரவி ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனதும் நினைவிருக்கும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பது சரி, மீன் பாத்திரத்தோடு ஏற்ற வேண்டுமே என்று பலரும் சொன்னார்கள். அதனால் நாலைந்து பேர் சேர்ந்து டெம்போ பிடிக்கிறார்கள். எங்கள் குலசேகரம் சந்தையில் விலை பேசும்போது அந்த டெம்போ வாடகையும் விலையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதே இலவசப் பேருந்தைக் காட்டித்தான் எங்கள் பயணப்படியையும் நிறுத்தினார்கள். பையன்களுக்கு பெட்ரோல் காசு, பெண் பிள்ளைகளுக்கு 'உங்களுக்குத்தான் ஃப்ரீ ஆச்சே'. அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் கேட்கவில்லை. வெளியே போனால் கழிப்பறைக்கு எங்கே போவது என்பதற்கும் ஏற்பாடு கிடையாது. நல்லவேளை, பேட்டி எடுத்த வீட்டம்மாக்களே பார்த்துக்கொண்டார்கள்.

நேரமும் பொருந்தவில்லை. ஏலத்துக்காக விடியும் முன்பே கிளம்புபவர்களைப் பத்து மணிக்கு வீட்டில் தேடினால் கிடைப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது, ஏலமும் இருக்காது. பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு மேல் சாவகாசமாகப் பேசுவார்கள். ஆனால் அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. நாங்களாகவே ஞாயிறு போய்விட்டுத் திங்கள் லீவு எடுத்துக்கொண்டோம். அக்கா கண்டுகொள்ளவில்லை.

ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது ஒரு பாட்டி சொன்னார்: "மக்களே, சுனாமி வந்த நாள்ல இருந்து எழுதிட்டுப் போறாவ. பொறவு ஆரையும் கண்டதில்ல." 2004-இல் சுனாமி, 2017-இல் ஒக்கி புயல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்த ஊர்களில் நோட்டும் கையுமாக வந்தவர்களுக்குக் குறைவில்லை. இந்த அமைப்பு அந்த விஷயத்தில் வாக்கைக் காப்பாற்றியது. முதல் கட்ட முடிவுகளைப் பங்கு மண்டபத்தில் பெண்களைக் கூட்டி வாசித்தார்கள். கடன் கணக்கில் ஒரு தவறை அவர்களே சுட்டிக்காட்டித் திருத்த வைத்தார்கள். அறிக்கையில் எங்கள் பெயரைப் போடுவோம் என்றார்கள். வரைவில் 'களப் பணியாளர்கள்' என்று மொத்தமாக ஒரு வரிதான் இருக்கிறது. கேட்டிருக்கிறோம், பார்க்கலாம்.

படகுகள் கடலுக்குப் போன பிறகு, ஆகஸ்டுக்கு மேல், இரண்டாவது சுற்று ஆய்வு இருக்கிறதாம். அப்போது கல்லூரி நடக்கும் என்பதால், ஞாயிறு மதியம் வந்துபோக முடிகிற முட்டம், மண்டைக்காடு, திங்கள்சந்தை பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சரிப்படும். சேரும்போது ஆய்வு வேலை என்றே கேளுங்கள், சம்பளத் தேதியை எழுதி வாங்குங்கள். தமிழில் வேகமாக டைப் அடிக்கத் தெரியும் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடாதீர்கள்; வருகைப் பதிவேடுகள் இன்னும் ஒரு பீரோ நிறைய மிச்சம் இருக்கின்றன.