வாரப் பயிற்சியா, பத்து நாள் பட்டறையா?

எழுதிய நாடகத்தை ஒத்திகை பார்த்து மேடையேற்றச் சென்னையில் குழுக்கள் உண்டு. கையில் பிரதி இல்லாமல் வெறுந்தரையில் நின்று, குழுவாகவே ஒரு நிகழ்வை உருவாக்கக் கற்க வேண்டுமென்றால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தாம்: விடுமுறையை ஒட்டிய பத்து நாள் பட்டறை, அல்லது வாரம் ஒரு மாலை கூடும் தொடர் பயிற்சி. இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டு இரண்டாவதில் தங்கிவிட்டவன் நான். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கட்டணம், தூரம், நேரம் எல்லாம் அவரவர் கணக்கு. உடம்பு வளைவதற்குப் பத்து நாள் பட்டறையே மேல். தினமும் காலையில் மூச்சு, குரல், நடை என்று பிழிந்தெடுத்துவிடுவார்கள். வாரப் பயிற்சியில் ஏழு நாளுக்குள் உடம்பு பழையபடி கணினி முன் கூன் போட்டுவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: உருவாக்கிய காட்சிகளில் எது தங்குகிறது என்ற கேள்வி.

ஒரு மாலை 'தண்ணீர் லாரி' என்று மட்டும் சொன்னார் பயிற்றுநர். பேசக் கூடாது, கையில் பொருள் கூடாது. சண்டை, தள்ளுமுள்ளு, ஓட்டம் என்று அமர்க்களப்படுத்தினோம். அன்று அது அபாரமாகப் பட்டது. அடுத்த வாரம் திரும்பச் செய்யச் சொன்னபோது சண்டை யாருக்கும் சரியாக நினைவில்லை. குழுவில் ஒரு பெண், வேறெங்கோ பார்த்துக்கொண்டே, இல்லாத குடத்தைக் கால் பெருவிரலால் அரை அடி முன்னே தள்ளியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. சண்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தப் பெருவிரலிலிருந்து மறுபடி தொடங்கினோம்.

இடையில் கிடந்த ஏழு நாள்தான் அங்கே கத்தரித்தது. பட்டறையில் அந்த இடைவெளி கிடையாது. காலையில் செய்தது மாலையில் சூடாகவே இருக்கும், எல்லாமே நன்றாகத் தோன்றும். கடைசி நாள் உறவினர்கள் முன்னால் காட்டிக் கைதட்டலும் வாங்கிவிடுவோம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் புகைப்படங்கள் வரும், காட்சி வராது. செல்பேசியில் பதிவு செய்து வைத்தாலும் பெரிய பயனில்லை. பதிவைப் பார்த்து நகலெடுத்தால் அசைவு கிடைக்கிறது. ஏன் அசைந்தோம் என்பது கிடைப்பதில்லை.

பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய பிரெஞ்சு நடிப்பாசிரியர் ழாக் லெகோக், தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு, ஆசிரியர் இல்லாமல் மாணவர்களே குழுவாகக் காட்சி உருவாக்கி வாரக் கடைசியில் காட்டும் முறையைப் பாடத்தில் வைத்திருந்தார். வாரம் என்ற அளவு அங்கேயும் இருப்பது எனக்குத் தெம்பு.

பட்டறைக்காரர்கள் உடனே வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்காரை எடுத்துப் போடுவார்கள். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகத்தில் எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பது தெரிந்ததே. ஆனால் அதில் கலந்துகொண்ட பத்திரிகையாளர் ஞாநி போன்றவர்களுக்குத் திரும்பிப் போக ஏற்கெனவே ஒரு குழு இருந்தது. ஞாநியின் பரீக்ஷா நாடகக் குழு 1978இலேயே தொடங்கிவிட்டது. அப்படி ஒரு குழு இருப்பவர்கள் தயங்காமல் பட்டறைக்குப் போகலாம். தனியாளாகப் போகிறவர்களைத்தான் நான் தடுக்கிறேன்.

வாரப் பயிற்சியின் பெரிய தலைவலி, ஆள் நிற்காதது. படப்பிடிப்பு வாய்ப்பு வந்தால் ஒருவர் போய்விடுவார், அவர் உடம்பிலிருந்த பகுதியும் கூடவே போய்விடும். பிரதி இருந்தால் அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம். இங்கே மறுபடி முதலிலிருந்துதான். மார்கழி வந்தால் வாடகை அரங்கு கிடைப்பதும் கஷ்டம். மொட்டை மாடிக்குப் போய்விடுகிறோம், கொசுக்கடியோடு.

1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போல, நடிகர்கள் முழுநேரமும் அங்கேயே கிடந்து கூத்தும் சிலம்பமும் பழகும் வழி இந்த ஒப்பீட்டில் சேராது. அப்படி வாழ்ந்து பார்க்காத நான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. வேலையை விட முடிந்தவர்களுக்கு அது இரண்டையும் விட மேலாகவே இருக்கக்கூடும்.

சேருவதற்கு முன் எந்த இடமானாலும் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். "போன மாதம் உருவாக்கியதில் ஏதாவது ஒன்றை இப்போது செய்து காட்ட முடியுமா?" என்றும் கேளுங்கள். எழுந்து நின்று செய்து காட்டுகிற குழுவில் பணத்தைக் கட்டலாம்.