கைக்குழந்தையோடு டிஸ்னி: கலிபோர்னியாவா, ஃப்ளோரிடாவா?

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் முடிந்த கையோடு டிஸ்னிப் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு அங்கே டிக்கெட் தேவையில்லை என்பதும், மூன்று நிறைந்துவிட்டால் சிறுவர் டிக்கெட் பெரியவர்களின் டிக்கெட்டைவிடச் சற்று மட்டுமே மலிவு என்பதும் இந்த அவசரத்துக்கு முக்கியக் காரணங்கள். ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் வந்திருக்கும் கோடையில் எல்லோருமாகப் போய்வந்துவிடலாம் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். அப்போது எழும் கேள்வி, கலிபோர்னியாவின் ஆனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலேண்டுக்குப் போவதா, ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போவதா என்பதுதான்.

பெரும்பாலானோர் இந்த இரண்டையும் பரப்பளவையும் ரைடுகளின் எண்ணிக்கையையும் வைத்தே எடைபோடுகிறார்கள். ஒன்றரை வயது முதல் மூன்றரை வயது வரையுள்ள குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அந்தக் கணக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. அந்த வயதில் முழு நாளையும் தீர்மானிப்பது குழந்தையின் மதியத் தூக்கம். பதினொன்றரை மணிவரை துள்ளிக்கொண்டிருந்த குழந்தை, ஒரு மணிக்குத் தூங்க முடியாமல் போனால், மாலையில் எந்த ரைடும் எந்த ஊர்வலமும் அதைத் தேற்றாது. ஆகவே பூங்கா வாசலிலிருந்து குழந்தையைப் படுக்க வைக்கும் கட்டில்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பேன்.

1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட்தான் முதல் டிஸ்னி பூங்கா. 1966இல் மறைந்த வால்ட் டிஸ்னி தம் வாழ்நாளில் திறந்துவைத்த ஒரே பூங்காவும் அதுவே. அதற்கு நேர் எதிரே 2001இல் டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர் வந்தது. இரண்டின் வாசல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்றிலிருந்து வெளியேறி மற்றொன்றில் நுழையச் சில நிமிட நடை போதும். ஃப்ளோரிடாவின் கதை வேறு. 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டத்தோடு தொடங்கி, எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்காக்களாக வளர்ந்த அந்த வளாகம் ஏறத்தாழ 40 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கிறது. பெரும்பாலும் பேருந்திலோ காரிலோ ஏறித்தான் ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியும்.

இந்தப் பரப்பு குழந்தையோடு போகிறவரை எப்படிப் பாதிக்கிறது என்பதை மேஜிக் கிங்டத்தின் வாசலிலேயே பார்க்கலாம். காரில் வருகிறவர்கள் பூங்காவின் வாசலுக்கு நேராக வந்துவிட முடியாது. கார் நிறுத்துமிடம் ஏரியின் இந்தக் கரையில் இருக்கிறது. பூங்கா அந்தக் கரையில். காரை நிறுத்திவிட்டு, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, மோனோரயிலிலோ படகிலோ ஏறி ஏரியைத் தாண்டினால்தான் டிக்கெட்டைக் காட்டும் இடம் வரும். ஒருவழிக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. மோனோரயிலிலும் படகிலும் குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டியான ஸ்ட்ரோலரை மடக்காமல் தள்ளிக்கொண்டு ஏறலாம் என்பது ஓர் ஆறுதல். டிஸ்னி விடுதிகளிலிருந்து வரும் இலவசப் பேருந்துகள் வாசலருகிலேயே இறக்கிவிடுகின்றன. குழந்தைக்கான கார் சீட்டும் அவற்றில் தேவையில்லை. ஆனால் பேருந்தில் ஏறும் முன் ஸ்ட்ரோலரை மடக்கியாக வேண்டும். ஸ்ட்ரோலரிலேயே கண்ணயர்ந்துவிட்ட குழந்தையை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு, டயப்பர் பை ஒரு கையிலும் மடக்கிய ஸ்ட்ரோலர் மறுகையிலுமாக வரிசையில் நிற்கும் தாய்மார்களை அந்தப் பேருந்து நிறுத்தத்தில் எந்த மதியத்திலும் காணலாம். அப்படி எழுப்பப்பட்ட குழந்தை அறைக்குப் போனபின் மறுபடி தூங்குவது அரிது.

ஆனஹைமில் இந்தச் சிக்கலே இல்லை. ஹார்பர் பொலிவார்டு என்ற சாலையை ஒட்டி வரிசையாக இருக்கும் விடுதிகளிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாசலுக்கு நடந்துவிடலாம். குழந்தை ஸ்ட்ரோலரில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அறைவரை தள்ளிச் சென்று, ஸ்ட்ரோலரோடு ஓரமாக நிறுத்திவிட்டுப் பெரியவர்களும் சற்றுப் படுத்தெழுந்து, நான்கு மணிக்கு மேல் மீண்டும் பூங்காவுக்குப் போகலாம். முழங்கால் வலியுள்ள பாட்டியும் தாத்தாவும் உடன் வந்திருந்தால் இந்த அருமை இன்னும் நன்றாகப் புரியும். அவர்கள் காலையில் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, யாருடைய துணையும் இன்றித் தாங்களாகவே அறைக்குத் திரும்பிவிடலாம்.

ரைடுகளைப் பொறுத்தவரை, மேஜிக் கிங்டம்தான் சின்னக் குழந்தைகளுக்கு ஏற்றது என்ற பரவலான எண்ணத்தை நான் ஏற்பதில்லை. பீட்டர் பேன், டம்போ, குதிரை ராட்டினம், சுழலும் தேநீர்க் கோப்பைகள், வின்னி த பூ, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் ஆகியவை இரண்டிலும் உள்ளன. எதற்கும் உயரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் டிஸ்னிலேண்டின் ஃபேண்டஸிலேண்ட் பகுதியில் மட்டுமே உள்ளவை வேறு சில இருக்கின்றன. கேஸி ஜூனியர் என்ற குட்டி ரயிலில், விலங்குக் கூண்டு போலச் செய்யப்பட்ட பெட்டிக்குள் உட்கார்ந்து கம்பிகளைப் பிடித்தபடி வெளியே பார்ப்பதில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. ஸ்டோரிபுக் லேண்ட் படகு, மான்ஸ்ட்ரோ என்ற திமிங்கிலத்தின் திறந்த வாய்க்குள் புகுந்து வெளிவருகிறது. அதன்பின் கரையோரமெங்கும் பொம்மை அளவிலான வீடுகளும் அரண்மனைகளும் கால்வாயை ஒட்டியே வருவதால், படகோரத்தில் உட்கார்ந்த குழந்தை எதையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. அங்குள்ள கோட்டைகூட 77 அடி உயரம்தான். ஃப்ளோரிடாவின் சிண்ட்ரெல்லா கோட்டை 189 அடி. பெரியவர்களின் புகைப்படத்துக்கு இரண்டாவது எடுப்பாக இருக்கும்; குழந்தையின் கண்ணுக்கு முதலாவது போதும். டிஸ்னிலேண்டின் மிஸ்டர் டோட் ரைடு மட்டும் வேண்டாம். உயரக் கட்டுப்பாடு இல்லை என்பதற்காக ஏற்றிவிடுகிறார்கள். அது நரகக் காட்சியோடு முடிகிறது. பினோக்கியோ ரைடிலும் இருட்டும் உறுமலும் அதிகம்.

2023 மார்ச்சில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட மிக்கிஸ் டூன்டவுன் பகுதி டிஸ்னிலேண்டுக்குக் கூடுதல் பலம். அங்கே குழந்தைகள் ஓடவும் உருளவும் புல்தரை விட்டிருக்கிறார்கள். நாள் முழுவதும் ஸ்ட்ரோலரில் கட்டிவைக்கப்பட்ட குழந்தைக்கு ரைடைவிட இதுவே அதிகம் தேவை. மேஜிக் கிங்டத்திலோ 2025 ஜூலையில் ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா ஆறும் டாம் சாயர் தீவும் மூடப்பட்டதால், சற்று ஒதுங்கி ஓடியாட இருந்த ஓர் இடம் போய்விட்டது. அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மூன்று: 2012 முதல் டம்போ இரட்டை ராட்டினமாகி 32 யானைகளோடு சுற்றுவதால் வரிசை வேகமாக நகர்கிறது, ஸ்டோரிபுக் சர்க்கஸ் பகுதியில் தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டிடம் இருக்கிறது, நிழலில் மெல்ல ஊர்ந்து செல்லும் பீப்பிள்மூவர் என்ற வண்டி குழந்தையை அமைதிப்படுத்த நல்ல இடம்.

வெயிலும் மழையும் அடுத்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்லாண்டோவில் புழுக்கம் மிகுதி. பிற்பகலில் இடியோடு கூடிய மழை ஏறக்குறைய அன்றாட நிகழ்வு. சென்னைப் புழுக்கத்தில் பழகியவர்களுக்கு வியர்வை புதிதில்லை என்றாலும், மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. குழந்தைகளுக்கான ரைடுகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. ஆனஹைமில் கோடை மழை அபூர்வம். மாலையில் குளிரும் என்பதால் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டால் போதும்.

உணவிலும் வசதிகளிலும் இரண்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. வீட்டிலிருந்து இட்லியோ தயிர்சாதமோ எடுத்துச் செல்ல இரண்டு இடங்களிலும் அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, குழந்தை உணவுப் புட்டிக்கு மட்டும் விலக்கு. கவுண்டர் உணவகங்களில் குடிநீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். பாலூட்டவும் டயப்பர் மாற்றவும் உணவைச் சூடாக்கவும் தனி மையம் இருக்கிறது; டிஸ்னிலேண்டில் மெயின் ஸ்ட்ரீட்டின் முடிவிலும், மேஜிக் கிங்டத்தில் கிரிஸ்டல் பேலஸ் உணவகத்தை ஒட்டியும் அது உள்ளது. ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்படக் கூடாது. வாடகை ஸ்ட்ரோலரை விடுதிவரை கொண்டுபோக முடியாததால் சொந்த ஸ்ட்ரோலரே நல்லது. அடையாளத்துக்கு அதில் பளிச்சென்ற துணி ஒன்றைக் கட்டிவையுங்கள். ரைடு முடிந்து வருவதற்குள் ஊழியர்கள் அதை வேறு வரிசைக்கு நகர்த்தியிருப்பார்கள்.

கூடுதல் கட்டணம் கட்டி விரைவாக ஏறும் வரிசையான லைட்னிங் லேனில் மட்டும் கவனிக்க வேண்டிய வேறுபாடு உண்டு. ஃப்ளோரிடாவில் பீட்டர் பேன், டம்போ போன்ற குழந்தை ரைடுகளும் அதில் அடங்கும். டிஸ்னிலேண்டிலோ ஃபேண்டஸிலேண்டின் பெரும்பாலான ரைடுகளுக்கு அது கிடையாது. எனவே ஆனஹைமில் அந்தச் செலவைத் தயங்காமல் தவிர்த்துவிட்டு, காலையில் கதவு திறந்ததும் பீட்டர் பேன் வரிசைக்குப் போவதே சரி. பெற்றோரில் ஒருவர் பெரிய ரைடில் ஏறிவர, மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு முழு வரிசையிலும் நிற்காமல் ஏறும் ரைடர் ஸ்விட்ச் முறை இரண்டிலும் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மூன்றரை வயதுக்குக் கீழே ஒரே குழந்தை என்றால், நியூ ஜெர்சியிலிருந்து ஐந்தாறு மணி நேரம் பறந்தாவது டிஸ்னிலேண்டுக்கே போகச் சொல்வேன். ஏழெட்டு வயது அண்ணனோ அக்காவோ உடன் இருந்தால் நிலைமை மாறும். நான்கு பூங்காக்களின் வகைவகையான ரைடுகளும் அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். அப்படி ஃப்ளோரிடாவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள், பட்ஜெட் இடம்கொடுத்தால், மேஜிக் கிங்டத்துக்கு நடந்தே போகக்கூடிய கன்டெம்பரரி விடுதியிலோ மோனோரயில் பாதையிலுள்ள பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதிகளிலோ தங்குவது நல்லது. பேருந்தும் ஸ்ட்ரோலர் மடக்குவதும் இல்லாமல் போகும். அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால், நாளுக்கொரு பூங்கா என்று ஓடாமல், சின்னக் குழந்தைக்காக மேஜிக் கிங்டத்துக்கு மட்டும் இரண்டு காலைப்பொழுதுகளை ஒதுக்கி, இடையில் ஒரு முழு நாளை விடுதி நீச்சல்குளத்துக்கு விட்டுவிடுங்கள்.