வாரம் இரண்டா, மூன்றா? டயாலிசிஸை எப்படித் தொடங்குவது

டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘வாரத்துக்கு எத்தனை தடவை?’ என்பதுதான். வாரம் மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம் என்பது பல நாடுகளிலும் வழக்கம். எடுத்த எடுப்பிலேயே அது எல்லோருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. இன்னும் எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

செயலிழந்ததாகச் சொல்லப்படும் சிறுநீரகத்திலும் பெரும்பாலும் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும். அது இரவு பகலாக வேலை செய்கிறது. புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இயந்திரத்துக்கு எளிதில் பிடிபடாத கழிவுகளையும் ஓரளவு வெளியேற்றுகிறது. டயாலிசிஸின்போது இரத்த அழுத்தம் திரும்பத் திரும்பச் சரிந்தால் அந்த மிச்சமும் சீக்கிரம் போய்விடலாம். ஆகவே தினமும் அரை லிட்டருக்கு மேல் சிறுநீர் போகிறவர், பொட்டாசியம் கட்டுக்குள் இருப்பவர், கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ இல்லாதவர் வாரம் இரண்டு முறையில் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஆனால் அளக்காமல் இரண்டு முறை என்பது ஆபத்து. காலை முதல் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர்க்க வேண்டும். அந்தச் சிறுநீரின் அளவையும் அதிலுள்ள யூரியாவையும், அதோடு இரத்த யூரியாவையும் பார்த்தால் சிறுநீரகத்தின் மிச்சத் திறன் தெரியும். சில மாதங்களுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். பணமோ இடமோ இல்லாததால் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்வது வேறு விஷயம். அதைச் சிகிச்சை முறை என்று சொல்லி நோயாளியை ஏமாற்றக் கூடாது.

சிறுநீர் நின்றுவிட்டவருக்கு மூன்று முறைக்குக் குறையவே கூடாது. மூன்று முறை செய்பவர்களிடையேகூட, இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணங்கள் அதிகம் என்று 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இடைவெளி நீண்டால் பொட்டாசியம் ஏறும், நீர் கோக்கும். சேர்ந்த நீரை ஒரே அமர்வில் வேகமாக உறிஞ்சினால் இதயம் தாங்காது. 60 கிலோ எடையுள்ளவரிடம் 4 மணி நேரத்தில் 3 லிட்டர் எடுப்பதே உச்சவரம்பை ஒட்டிய வேகம்.

வாரம் ஆறு முறை? 2010-இல் வெளியான ஆய்வில் இதயத் தசையின் தடிப்பு குறைந்தது. ஆனால் இயந்திரத்துக்கு இரத்தம் எடுக்க அமைக்கும் ஃபிஸ்டுலா போன்ற இரத்தநாள இணைப்புகளைச் சரிசெய்ய வேண்டிய தேவை கூடியது. கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர, தொடக்கத்தில் இது வேண்டியதில்லை.

இரண்டு முறையில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை: வலி மாத்திரையோ கடும் வயிற்றுப்போக்கோ மிச்சத் திறனைச் சில நாட்களிலேயே குலைத்துவிடலாம். சிறுநீர் குறைந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.