லேசான ஏர்கன்னுக்கு லேசான ஸ்கோப்: ராமநாதபுரம் கடற்கரையில் மூன்று கச்சான் பருவம்

இரண்டே முக்கால் கிலோ ஏர்கன் மேல் முக்கால் கிலோ ஸ்கோப்பை, அதாவது குறி பார்க்கும் தொலைநோக்கியை, ஏற்றினால் துப்பாக்கியின் குணமே மாறிவிடும். கையில் எடுத்ததும் தலை கனக்கும், நின்று குறி பார்க்கும்போது பக்கவாட்டில் சாயப் பார்க்கும். லேசான துப்பாக்கி என்று தேடி வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். ஸ்கோப்பும் அதைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்டும் சேர்ந்து 450 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் சரி. இங்கே பேசுவது 0.177 அங்குலக் குழல்துளை, ஸ்பிரிங் பிஸ்டன் வைத்த, குழலை மடித்து இழுக்கும் ஏர்கன். அதன் மேல் 4x32 ஸ்கோப் (நாலு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ.), சுமார் 310 கிராம். இரண்டு தனித்தனி அலுமினிய ரிங், சுமார் 90 கிராம். மொத்தம் 400. இதே துப்பாக்கியில் 4-16x50 ஸ்கோப்பையும் ஒற்றைத் துண்டு மவுண்டையும் வைத்தால் 850 கிராம் ஆகிவிடும். நின்ற நிலையில் பத்து பெல்லட் சுடுவதற்குள் தோள் அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

இந்தத் துப்பாக்கி காகித டார்கெட்டுக்கும் டப்பாவுக்கும் மட்டும்தான். கவுதாரி, முயல், மயில் எதன் பக்கமும் திருப்பக் கூடாது. வேட்டை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஏர்கன் என்பதால் விலக்கு கிடையாது. டார்கெட்டுக்குப் பின்னால் சிமெண்டுச் சாக்கில் நிரப்பிய மணல் மூட்டை இரண்டு அடுக்காவது வேண்டும். பனை மரத்தில் டார்கெட்டை ஆணி அடிக்கும் பழக்கம் ஆபத்தானது, வைரம் பாய்ந்த மரத்தில் பட்ட பெல்லட் திரும்பி வரும். கருவேலங்காட்டுக்குள் ஆடு மேய்ப்பவர் யார் எங்கே நிற்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்பிரிங் ஏர்கன் இரண்டு முறை உதைக்கும். டிரிகரை விட்டதும் பிஸ்டன் முன்னால் பாய, துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் நின்றதும் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் இழுபடும். பெரிய ரைபிளுக்குச் செய்த ஸ்கோப் பின்னுதைப்பைத் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் வரும் இந்த இரண்டாவது இழுப்பில் அதன் லென்ஸ் தளரும், குறுக்குக்கோடு சாயும், சில நேரம் அறுந்தே போகும். அதே ஸ்பிரிங்கை லேசான துப்பாக்கியில் வைத்தால் உதை இன்னும் கூர்மையாக இருக்கும். ஸ்கோப்பின் எடை பாதியானால் அந்த இழுப்பில் ரிங் மேல் விழும் விசையும் பாதி. அதனால் பெட்டியில் "ஏர்கன்னுக்கு ஏற்றது" என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "எல்லா ரைபிளுக்கும்" என்ற பொத்தாம்பொதுவான வாசகத்தை நம்பி வாங்க வேண்டாம்.

அடுத்தது பேரலாக்ஸ். கடையில் பலரும் கேட்காமல் விடுவது இதைத்தான். கண் ஸ்கோப்பின் நடுவில் இல்லாமல் சற்று விலகினால் குறுக்குக்கோடு டார்கெட் மேல் நகர்வது போலத் தெரியும். ஸ்கோப் எந்தத் தூரத்துக்குப் பொருத்தப்பட்டதோ அந்தத் தூரத்தில் மட்டும் இந்தப் பிழை இல்லை. பெரிய ரைபிள் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்குப் பொருத்தப்பட்டவை. அப்படி ஒரு 32 மி.மீ. ஸ்கோப்பை வைத்து 10 மீட்டரில் சுட்டால் கண் விலகும் அளவைப் பொறுத்து அதிகபட்சம் 14 மி.மீ. வரை குறி தவறலாம். 50 மி.மீ. முன்கண்ணாடி என்றால் 22 மி.மீ. போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ. குறுக்களவுதான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பிழை என்று புரியும். 25 மீட்டருக்குப் பொருத்திய 32 மி.மீ. ஸ்கோப்பில் 20 மீட்டரில் அதே பிழை 3 மி.மீ. அளவில் அடங்கிவிடும். முன்கண்ணாடி வளையத்தைத் திருப்பித் தூரத்தைச் சரிசெய்யும் ஏ.ஓ. வசதி இருந்தால் இன்னும் நல்லது. அது 10 கஜம் வரை இறங்க வேண்டும். சிலவற்றில் கடைசி எண் 25 கஜம், அது இந்த வேலைக்கு உதவாது.

ஏ.ஓ. வேண்டுமென்றால் 2-7x32 வகையைப் பார்க்கலாம், சுமார் 400 கிராம், ரிங்கும் சேர்ந்தால் 450ஐச் சற்றுத் தாண்டும். அதற்கு மேல் பெரிதாக்கம் இந்த மண்ணில் பயன்படாது. வாலிநோக்கம், மாரியூர் பக்கம் உப்பளத்தை ஒட்டிய வெளியிலோ ஏர்வாடி மணலிலோ காலை பத்து மணிக்கு மேல் கானல் எழும்பும். 4x இல் அது லேசான நெளிவு, 9x இல் டார்கெட்டே நீரில் மிதப்பது போல ஆடும். முன்கண்ணாடி பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூடும் என்பது அந்திக்குத்தான் பொருந்தும். 32 மி.மீ. கண்ணாடியை 4 ஆல் வகுத்தால் 8 மி.மீ. ஒளிக்கற்றை. உச்சி வெயிலில் கண்ணின் பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், மீதி வீண். இங்கே உண்மையில் தேவைப்படுவது முன்னால் திருகி மாட்டும் நிழல்குழாய். மணலிலிருந்தும் உப்பிலிருந்தும் எழும் கூச்சத்தை அது வெட்டிவிடும், எடையும் அதிகம் ஏறாது.

பொருத்தும் வேலையில் அவசரம் கூடாது. துப்பாக்கியின் மேலுள்ள 11 மி.மீ. டோவ்டெயில் பள்ளத்தையும் ரிங்கின் உட்புறத்தையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்கவும். பின் ரிங்கின் நிறுத்து ஊசி, துப்பாக்கியின் மேலுள்ள துளையில் இறங்க வேண்டும். அது இறங்காவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நூறு பெல்லட்டுக்குள் மவுண்ட் பின்னால் ஊர்ந்துவிடும். ஸ்கோப்பைத் தளர்வாக வைத்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் இயல்பாக வைத்தபின் கண்ணைத் திறக்கவும். கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் சுமார் 8 செ.மீ. இடைவெளி வரும். நிமிர்வுக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். 15 மீட்டர் தள்ளி காற்றில்லாத இடத்தில் தொங்கவிட்டு, குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு பொருத்திவிடவும். பிறகு ரிங் திருகுகளை எதிரெதிர் மூலையாக, கால் சுற்று கால் சுற்றாக, இரண்டு பக்க இடுக்கும் சமமாக இருக்கும்படி இறுக்கவும். அளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் கீ இல்லாதவர்கள் எல் கீயின் நீண்ட கையைத் திருகில் செருகி, குட்டைக் கையை இரண்டு விரலால் மட்டும் திருகினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். அதற்கு மேல் போனால் குழாயில் பள்ளம் விழும், உள்ளே குறியை நகர்த்தும் கிளிக் இறுகும். கடைசியாகப் பின் ரிங்கை ஒட்டி ஸ்கோப் குழாய் மேல் நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு. கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே இடுக்கு தெரிந்தால் குழாய் நழுவுகிறது, கோடு அப்படியே இருந்தும் குறி மாறினால் வேறு காரணம் தேட வேண்டும்.

அந்த வேறு காரணம் பெரும்பாலும் கட்டையைப் பிடித்திருக்கும் திருகுகள். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பியனுப்புவதற்கு முன்னால் முன்பக்கத் திருகு இரண்டையும் டிரிகர் கார்டுத் திருகையும் பாருங்கள். நூறு பெல்லட்டுக்கு ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

மடிப்புக் குழல் துப்பாக்கிகளில் குழல் சற்றுத் தலை குனிந்திருப்பது வழக்கம். அதனால் பெல்லட் தாழ்வாகப் போகும், குறியைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் குமிழான டரட்டில் மேலே இருப்பதைச் சுற்றிச் சுற்றிக் கடைசி வரை கொண்டுபோவார்கள். அந்த நிலையில் ஸ்கோப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கு இழுவிசை இருக்காது, ஒவ்வொரு உதைக்கும் குறி தன் போக்கில் அலையும். சந்தேகம் வந்தால் 40 கிளிக் கீழே இறக்கிச் சுட்டுப் பாருங்கள். துளைகள் தாழ்வாக ஆனால் நெருக்கமாக விழுந்தால் நோய் இதுதான். மருந்து, பின் ரிங்கின் கீழ்ப்பாதிக்குள் கூல்டிரிங்க் டப்பாவிலிருந்து வெட்டிய ஒரு தகடு. அதன் கனம் சுமார் 0.1 மி.மீ. இரண்டு ரிங்குக்கும் நடுவே 100 மி.மீ. இருந்தால் அந்த ஒரு தகடு 10 மீட்டரில் 10 மி.மீ., 25 மீட்டரில் 25 மி.மீ. உயர்த்திவிடும். இரண்டு தகட்டுக்கு மேல் வேண்டாம், குழாய் வளையும். அதற்கும் அடங்காத குனிவுக்குச் சரிவு வைத்துக் கடைந்த மவுண்ட்தான் வழி.

எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம். கால் எம்.ஓ.ஏ. கிளிக் என்பது 100 மீட்டரில் 7 மி.மீ. சொச்சம். 10 மீட்டரில் அது வெறும் 0.7 மி.மீ. நாலு கிளிக் திருப்பியும் அசையவில்லை என்ற புகார் இதனால்தான். இரண்டு செ.மீ. நகர்த்த 27 கிளிக் ஆகும்.

இனி உப்பு. இந்தக் கரையில் ஸ்கோப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்றில் வரும் உப்புத்தூளும் நுண்மணலும் எதையும் விடுவதில்லை. முதலில் போவது ரிங் திருகுகள். கறுப்பு பூசிய சாதாரண இரும்புத் திருகின் தலையில், எல் கீ நுழையும் அறுகோணக் குழியில், மூன்றே வாரத்தில் காவி நிறம் தெரியும். அடுத்து திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் பூக்கும். அதை விட்டால் திருகு கடித்துக்கொண்டு, கழற்றும்போது தலை உருண்டுவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்கு மாறினாலும் அலுமினியத்தோடு சேரும் இடத்தில் இந்த அரிப்பு இருக்கவே செய்யும். விசைப்படகு மெக்கானிக்குகள் போடும் மெரைன் கிரீஸை மரையில் மெல்லத் தடவினால் அது நிற்கும். கிரீஸ் போட்ட திருகு சீக்கிரம் இறுகும், ஆகவே சொன்ன அளவின் கீழ்முனையிலேயே நிறுத்தவும். ரிங்கின் உட்புறத்தில் கிரீஸ் படக் கூடாது.

கண்ணாடியைத் துண்டாலோ சட்டை நுனியாலோ துடைத்தால் உப்புப் பரலே பூச்சைக் கீறும். முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, உலர்ந்த துணியால் கடைசியில் துடைக்கவும். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதுவும் உப்புதான். டரட் மூடியை எப்போதும் மூடி வைக்கவும், மூடிக்குள் ரப்பர் வளையம் இல்லாத மாடலை இந்தப் பக்கத்துக்கு வாங்கவே வேண்டாம். விளக்கு எரியும் குறுக்குக்கோடும் அப்படித்தான். பேட்டரித் தொடுமுனை பச்சை பிடித்துவிடும், எடையும் கூடும், வெயிலில் அந்த வெளிச்சம் தெரியவும் செய்யாது.

நைட்ரஜன் அடைத்தது என்று எழுதியிருப்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஏ.சி. அறையில் ஒரு மணி நேரம் வைத்து வெளியே எடுத்து வாருங்கள். வெளிக்கண்ணாடியில் படியும் பனி துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாமல் உள்ளே மங்கலாகத் தெரிந்தால் அடைப்பு கசிகிறது, வாங்கிய வாரத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிப்பது இப்படிக் கசிந்தவற்றில்தான். நுரை மெத்தை வைத்த பெட்டியில் துப்பாக்கியை மாதக்கணக்கில் பூட்டி வைப்பதும் தவறு, நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூடிய தகரப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பை, மாதம் ஒரு முறை மாற்று.

காற்றைப் பற்றி ஒன்று. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில் 8 கிரெய்ன் (சுமார் அரை கிராம்) பெல்லட் 25 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம் ஒதுங்கும். கச்சான் அதைவிடப் பலமாக அடிக்கும் நாளில் ஜீரோ செய்தால், அதாவது குறியும் பெல்லட் விழும் இடமும் ஒன்றாகும்படி டரட்டைத் திருத்தினால், காற்றையும் சேர்த்து டரட்டில் ஏற்றிவிடுவோம், காற்று நின்றதும் எல்லாம் தப்பும். விடிந்து ஏழு மணிக்குள், மதில் மறைவில், முதலில் 10 மீட்டரிலும் பிறகு 20 மீட்டரிலும் ஜீரோ செய்வதே நல்லது.

மூன்று பருவத்துக்குப் பின் 4x32 இன் நிலை இது. ரிங் திருகு எட்டில் நாலு மாற்றியாகிவிட்டது. பின்கண்ணாடி ஓரத்து ரப்பர் வெயிலில் வெளிறி இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. ஃபோகஸ் வளையத்தில் மணல் புகுந்து திருப்பும்போது நறநறக்கிறது, வருடம் ஒரு முறை ஊதித் துடைத்தால் ஓடுகிறது. மேலே 20, வலம் 20, கீழே 20, இடம் 20 என்று கிளிக்கைச் சுற்றி வந்தால் பெல்லட் இன்னும் புறப்பட்ட துளையிலேயே விழுகிறது. நெயில் பாலிஷ் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.